பன்னிரண்டில் ஒன்று

ஜூன் 16, திங்கள்

அம்மா ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். கடலை மிட்டாய் கம்பெனியில் ஆர்டர் அதிகமாம், வர இருட்டிவிடும் என்றாள். அப்பாவின் குதிகாலிலும் முட்டியிலும் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சோறு வடித்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். அப்பா நன்றாக இருக்கிறது என்றார். எது வைத்தாலும் அப்படித்தான் சொல்வார்.

மதியம் அவர் தூங்கியதும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து கால் வராமல் போனதால்தான் விட்டேன். வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே.

ஒரு எண்ணின் மூன்று மடங்கோடு ஏழைக் கூட்டினால் இருபத்திரண்டு. அந்த எண் என்ன? 3x + 7 = 22. ஏழை அந்தப் பக்கம் அனுப்பினேன். பிறகு மூன்றை அனுப்பினேன். x = 5. ஒவ்வொன்றாக எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு x மட்டும் தனியாக நிற்கும்போதுதான் கணக்கு முடிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

ஐந்து கணக்கு. ஐந்தும் சரி.

ஜூன் 20, வெள்ளி

காலையில் எஸ்தர் சைக்கிளில் போனாள். நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. பின்னால் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் எங்கள் சன்னலைப் பார்த்து "செண்பகா!" என்று கூப்பிட்டாள். நான் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"யாருட்டி கூப்புடுதா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் துடைப்பம் இருந்ததால் அந்த இடத்தைக் கூட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெருமாள் மாமா வந்திருந்தார். அவர் கொத்தனார், அப்பா பெயிண்டர். இருபது வருஷமாக ஒரே கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள். அவர் சுவர் எழுப்பி முடித்தால் அப்பா வண்ணம் பூசப் போவார். சொந்தம் கிடையாது, ஆனால் மாப்பிள்ளை, மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஒரு செய்தி கொண்டுவந்தார். மூன்று தெரு தள்ளியிருக்கும் பெயிண்ட் கடையில் கலர் கலக்கித் தர ஆள் வேண்டுமாம்.

"ஒக்காந்த எடத்துல வேல, மாப்ள. ஒம்ம மாதிரி கலர் கண்டுபிடிக்க இந்த ஊர்ல எவன் இருக்கான்? ஆனா மொதலாளி ஒண்ணு சொல்லிட்டாரு. தெனம் ஒரு ஆள் தூக்கி எறக்கணும்னா சரிப்படாதாம். தானா வந்து தானா போகணுமாம்."

"தெரு சமமாத்தான மச்சான் இருக்கு. வாசப்படிதான்..." என்றார் அப்பா.

எங்கள் வீட்டுக்கு மூன்று படி. தெருவில் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகும், மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று வீடு கட்டும்போதே தாத்தா உயர்த்திக் கட்டிவிட்டார். ரோடு இன்னும் உயரவில்லை. அந்த மூன்று படிக்கு மேலே அப்பா ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும்.

"படிய ஒடச்சிட்டு சரிவு போட்ருவோம். எங்கிட்ட மிச்ச சிமிண்டு கெடக்கு. ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சிரணும், ஆடியில வேலையத் தொடங்கக் கூடாது. வேலைக்கு ஆவணி ஒண்ணாந்தேதிக்கு மேல போகலாம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

அப்பா சிரித்தார். மேல்பல் தெரிய அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ராத்திரி அம்மா சொன்னாள்: "அப்பா வேலைக்குப் போயிட்டா நீ பகல்ல தனியா என்னட்டி செய்வ? திரும்பப் பள்ளிக்கூடத்துல சேக்க முடியுமான்னு கேட்டுப் பாப்போமா?"

நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

புத்தகத்தில் சாய்வு என்று ஒரு பாடம் வருகிறது. அதைத் தள்ளிவிட்டு அசமன்பாட்டுக்குப் போய்விட்டேன்.

-2x < 8 என்பதை x < -4 என்று எழுதினேன். சரியா என்று பார்க்க 0 போட்டேன். 0 எட்டைவிடச் சிறியதுதான், கணக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் 0, -4-ஐவிடச் சிறியது இல்லையே. மதியம் முழுக்க எங்கே தப்பு என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை. பிறகு எண்கோட்டை வரைந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பிவிடுகிறது. x > -4. புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

சமன்பாட்டுக்கு ஒரு விடைதான். இதற்கு எத்தனையோ விடைகள்.

ஜூன் 26, வியாழன்

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கட்டிலுக்கு அடியில சாரப் பலக ரெண்டு கெடக்கும், எடு" என்றார். ஆறடிப் பலகைகள். இன்னும் வெள்ளைச் சுண்ணாம்புச் சொட்டுகள் ஒட்டியிருக்கின்றன. சக்கரத்துக்கு ஒன்றாகத் தரையில் போட்டு, சுவர்ப் பக்கம் பலகைக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் அடுக்கச் சொன்னார். கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறி, சுவரைத் தொட்டுவிட்டு இறங்கினார். வேர்த்தது, ஆனால் ஏறிவிட்டார்.

"இன்னொரு கல்லு வை."

மூன்று கல்லில் பாதிதான் போக முடிந்தது. நாற்காலி பின்னால் வந்து என் கணுக்காலில் இடித்தது. வலிக்கவில்லை என்று சொன்னேன்.

ஜூன் 28, சனி

இன்றும் மூன்று கல்லில் ஏற முடியவில்லை. "பலக ஆடுதுல்லா. சிமிண்டுன்னா பிடிமானம் இருக்கும்" என்றார் அப்பா.

ஜூன் 29, ஞாயிறு

பெருமாள் மாமா அளவெடுத்தார். வாசல் நிலையிலிருந்து தெருவோரச் சாக்கடையான வாறுகால் வரை ஆறடி இருக்கிறது. ஆறடிக்கும் நேராகச் சரிவு போட்டுவிடலாம் என்றார்.

"கொஞ்சம் செங்குத்தா இருக்காதா மச்சான்?" என்றார் அப்பா.

"இந்தத் தெருவுல எத்தன வீட்டுக்கு நான் போட்ருக்கேன்! எல்லாம் இதே அளவுதான். ஸ்கூட்டி சல்லுன்னு ஏறுது. ஸ்கூட்டி ஏறுத எடத்துல சேரு ஏறாதா?"

அப்பா தலையாட்டினார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மருமகளே, வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்த பேச மாட்டேங்கியே" என்றார் மாமா. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

சாய்வுப் பாடத்தை எடுத்தேன். உயர்வதை நீளத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் சாய்வு. புத்தகத்தில் அதை m என்று போட்டிருக்கிறார்கள்.

பலகை ஆறடி, அதாவது எழுபத்திரண்டு அங்குலம். ஒரு செங்கல் மூன்று அங்குலம். இரண்டு கல் வைத்தால் ஆறின் கீழ் எழுபத்திரண்டு, பன்னிரண்டில் ஒன்று. அப்பா ஏறினார். மூன்று கல் வைத்தால் எட்டில் ஒன்று. அப்பாவால் ஏற முடியவில்லை. ஆகவே m ≤ 1/12 என்று எழுதலாம்.

படி மூன்றும் சேர்ந்து பதினெட்டு அங்குலம். மாமாவின் சரிவு எழுபத்திரண்டு அங்குலம். நாலில் ஒன்று.

பலகைக்கு அடியில் ஆறு கல் வைத்த மாதிரி.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். நாலில் ஒன்றில் அப்பாவால் ஏற முடியாது. நான் பின்னாலிருந்து தள்ளினாலும் முடியாது. இறங்கினால் நேராக வாறுகாலில்தான் போய் நிற்கும்.

ஜூலை 3, வியாழன்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. துணி காய்ந்துவிட்டது. கணக்குப் போடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாமா படியை உடைத்தார். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து நடுவில் மண்ணும் ஜல்லியும் கொட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு மேலே கான்கிரீட் போட்டால் முடிந்தது.

சொல்லலாம் என்றுதான் இரண்டு முறை வாசலுக்குப் போனேன். முதல் முறை மாமா பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை எதிர்வீட்டு அக்கா பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆள் முன்னால் பேச வராது. அது எல்லாருக்கும் தெரியும். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பிலேயே திரும்பச் சேரலாமாம். "ஒன்னவிட ஒரு வயசு சின்னப் பிள்ளைங்கதான், என்ன இப்ப?" என்றாள்.

"அப்பாவுக்கு மதியம் யாரு சோறு போடுவா?"

"அவருதான் கடைக்குப் போயிருவாருல்லா."

சரிவு சரியாக வராவிட்டால் அப்பா எப்படிக் கடைக்குப் போவார்? வீட்டில்தான் இருப்பார். நான் சோறு வடிப்பேன். மதியம் கணக்குப் போடுவேன். எல்லாம் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கும்.

அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதவில்லை. நடக்கப்போவதை எழுதினேன்.

ஜூலை 10, வியாழன்

அப்பா தாமே முகச்சவரம் செய்துகொண்டார். பெட்டியிலிருந்து கோடுபோட்ட சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். "ஆவணிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்குப்பா" என்றேன். "போட்டு வையி" என்றார்.

பிறகு பலகையில் ஏறப் பார்த்தார். மூன்று கல். பாதியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு சாண் போனார். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் வந்துவிட்டார்.

"பாத்தியா, ஒரு சாண் கூடிருக்கு" என்றார்.

ஜூலை 12, சனி

இஸ்திரி போட்ட சட்டை ஆணியில் தொங்குகிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மாமா கான்கிரீட் கலக்கத் தயாராக மணலைக் குவித்துவிட்டார். சிமிண்டு மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. அப்பா நிலைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது காஞ்ச மறுநாளே தெருமுக்கு வரைக்கும் தனியாப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். எவனும் எனக்குக் கை குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஒம்மள யாரு பிடிப்பா மாப்ள, நீரு பறந்துருவீரு" என்று சொல்லி மாமா மூட்டையின் வாயைக் கிழிக்கப் போனார்.

"ஏறாது" என்று ஒரு சத்தம் கேட்டது. நான்தான் சொன்னேன்.

மாமா திரும்பினார். "என்னது?"

"ஏறாது மாமா."

"ஏ மாப்ள, ஒம்ம மக வாயத் தொறந்துட்டா. இன்னைக்கு மழதான்! ஏன்மா ஏறாது? ஸ்கூட்டி ஏறுதுல்லா?"

"ஸ்கூட்டிக்கு எஞ்சின் இருக்கு. அப்பாவுக்குக் கைதான இருக்கு."

என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ப் பலகைகளை இழுத்துவந்தேன். மாமா போட்டிருந்த மண்சரிவின் மேலேயே இரண்டையும் வைத்தேன்.

"நீங்க உக்காந்து ஏறிப் பாருங்க."

"நானா?"

"நீங்கதான்" என்றார் அப்பா. "என்னைய எறக்கி அந்தச் சாக்குல உக்கார வையுங்க. மச்சானோட வீரத்தப் பாப்போம்."

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிமிண்டு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர். சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார், ஏறியது. இரண்டாவது தள்ளில் நின்றது. மூன்றாவதற்குக் கையை எடுத்தார். நாற்காலி பின்னாலேயே கிளம்பிவிட்டது. "ஏ... ஏ... பிடிங்க! யம்மா பிடி!" என்று அவர் கத்தக் கத்த, நானும் அம்மாவும் பிடித்து மணல் குவியல் பக்கம் திருப்பிவிட்டோம். மாமா மணலில் மல்லாந்து கிடந்தார்.

அப்பா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள். அம்மா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"சரி தாயி" என்றார் மாமா, படுத்தபடியே. "எத்தன அடி வேணும்?"

"பதினெட்டு. ஒரு அங்குலம் ஏற ஒரு அடி."

"முன்னால இருக்கதே ஆறடி. மிச்சத்த எதுத்த வீட்டு அடுப்படியிலயா போடச் சொல்லுத?"

பதின்மூன்று நாளாக அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். சுவரோரமாக x, தெருப் பக்கமாக y. x + y = 18. தெருப் பக்கமாக இருப்பதே ஆறடி. திரும்ப ஒரு நாலடிச் சதுரம் போனால் மிச்சம் இரண்டு. y = 2 என்றால் x = 16. எங்கள் வாசல் கிழக்கே நீளமாக இருபத்து நாலடி. ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தேன். நிலைக்கு முன்னால் ஒரு சதுரம், சுவரோரமாகப் பதினாறு அடி, மூலையில் இன்னொரு சதுரம், அங்கிருந்து வாறுகால் பக்கம் இரண்டு அடி.

மாமா எழுந்து மணலைத் தட்டிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தார். "துணி தொவைக்கிற கல்லு குறுக்க வருதே?"

"அதத் தூக்கிப் பின்னால போடுங்கண்ணே" என்றாள் அம்மா.

"சன்னலு?"

"சன்னலுக்குக் கீழதான் போகும்" என்றேன்.

"போட்ட கல்லயெல்லாம் பேத்தெடுக்கணும். ஆடி பொறக்க நாலு நாளுதான் இருக்கு." என்னை முறைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். "போன ஞாயித்துக்கெழமையே சொல்றதுக்கு என்ன?"

நான் பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் அவர் போன பிறகு அப்பா கூப்பிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எங்கட்டி படிச்ச இதெல்லாம்?"

"புக்குல."

அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நான் விழுறதுக்கு முன்னாடியே நீ பள்ளிக்கூடம் போகல, என்ன? மூணாவது மாடிச் சாரத்துல நின்னா ஊரே தெரியும்டி. ரயில்வே கேட் பக்கத்துல வேப்பமரத்தடியில பையோட ஒக்காந்திருந்த. மறுநாளும் ஒக்காந்திருந்த. வீட்டுல வச்சுக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப் போச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் போர்டில் இரண்டு புள்ளிகளைப் போட்டு, சாய்வு என்ன என்று கணக்கு சார் கேட்டார். போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லும்வரை நில் என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். பின்னால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வரவில்லை.

"ரெண்டுல ஒண்ணு" என்றேன்.

"எது?"

"அந்தக் கணக்குக்கு விட."

அப்பா என் தலையில் கையை வைத்தார். சக்கரம் தள்ளித் தள்ளி உள்ளங்கை சொரசொரப்பாகிவிட்டது.

ஜூலை 16, புதன்

முடிந்துவிட்டது. விடிந்தால் ஆடி. மாமா ஒவ்வொரு அடிக்கும் ஒரு அங்குலம் என்று நூல் கட்டி இறக்கினார். சரிவு முடிகிற இடத்தில் வாறுகாலுக்கு மேல் ஒரு கான்கிரீட் மூடி போட்டார். ஈரமாக இருக்கும்போதே வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் கோடு இழுத்தார்.

ஜூலை 21, திங்கள்

காலையும் மாலையும் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எஸ்தர் நின்று பார்த்தாள். "என்னட்டி இது, கப்பல் மாதிரி இருக்கு?" என்றாள். நான் கையில் குடத்தோடு வாசலில் நின்றிருந்தேன், உட்கார்ந்து ஒளிய இடமில்லை. "அப்பாவுக்கு" என்றேன். அவளுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா இறங்கினார். நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே போனேன். நாற்காலியைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஏறும்போது மூலைச் சதுரத்தில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பிறகு சன்னலுக்குக் கீழே மெதுவாகப் போனார்.

இரண்டாம் முறை என்னை வர வேண்டாம் என்றார். உள்ளே போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவருடைய தலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கடந்து போனது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி ஒன்று. இன்று அப்பா வேலைக்குப் போனார். கோடுபோட்ட சட்டை. தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் வைத்து மடியில் கொடுத்தேன். அம்மா முன்பே போய்விட்டாள். சன்னலைக் கடக்கும்போது அப்பா கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். "வாறேண்டி" என்றார். மூலையில் திரும்பினார். தெருவில் சக்கரம் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பாத்திரம் விளக்கினேன். வீட்டைக் கூட்டினேன். அப்பாவின் கட்டில் விரிப்பை உதறிப் போட்டேன். சோறு வடிக்க வேண்டியதில்லை, எனக்கு மட்டும் எலுமிச்சைச் சாதம் இருக்கிறது. சுவரில் பல்லி கத்துவது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது. ஒரு கணக்குப் போட்டேன். அது உடனே வந்துவிட்டது. இன்னொன்று. அதுவும் வந்துவிட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சரிவின் மேல்முனையில் வந்து நின்றேன். உட்காரலாம் என்றால் அங்கே வெயில். சுவரோரம் நிழல் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போனேன். அங்கேயும் வெயில் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனேன். சன்னலைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். நான் எப்போதும் உட்காரும் இடம் வெளியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. இத்தனை நாள் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

படி என்றால் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் போகலாமா என்று கால் கேட்கும். பன்னிரண்டில் ஒன்றில் இறங்குவதே தெரியவில்லை. மூலையில் திரும்பியதும் காலுக்குக் கீழே துடைப்பக் கோடுகள் முடிந்து தார் வந்துவிட்டது. தெருவில் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். தூரத்தில் முதல் மணி அடித்தது. கையில் புத்தகத்தோடு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன். சாத்துவதற்காக மேலே ஏறினேன். சாத்திப் பூட்டிவிட்டு மறுபடியும் இறங்கி, மணிச் சத்தம் வந்த பக்கமாகத் திரும்பினேன்.